அகரத்துக்கு முன் டகரம்

அன்புள்ள அக்காவுக்கு,

நம் பள்ளியிலிருந்து விலகியபோது நான் தந்த கடிதத்தில் காரணம் எதுவும் எழுதவில்லை. உங்களுக்கு அது தெரியும். ஆனால் வரும் ஜூனில் நான் பொறுப்பேற்கவிருக்கும் எல்.கே.ஜி. வகுப்புக்குப் பாடத்திட்டம் எழுத உட்கார்ந்தபோது, ஒவ்வொரு கட்டத்தை நிரப்பும்போதும் உங்கள் குரலே முந்திக்கொண்டு வந்ததால், இதை எழுதாமல் அடுத்த வாரத்துக்குப் போக முடியவில்லை.

உங்கள் வகுப்பில் நான் துணை ஆசிரியையாகச் சேர்ந்தபோது, பாடநூல் பதிப்பகத்தார் தந்த அட்டவணை முதல் வாரத்திலேயே அகரத்தை வைத்திருந்தது. அதை அப்படியே குறிப்பேட்டில் எடுத்தெழுத வேண்டும் என்றுதான் புதிதாகச் சேர்ந்த எல்லோருக்கும் சொல்லப்பட்டிருந்தது. நீங்கள் அதைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை. மறுநாள் காலை ஒரு தட்டில் ரவையைப் பரப்பி, பென்சிலைக் கண்டாலே அழுத அந்த மூன்றரை வயதுச் சிறுவனின் முன்னால் வைத்துவிட்டு, அவனுடைய தோளைக் கவனிக்கும்படி என்னிடம் சொன்னீர்கள். அவன் இழுத்த கோடு முழுவதும் தோளிலிருந்தே வந்தது. மணிக்கட்டு திரும்பவே இல்லை. அகரம் தொடங்கும் சுழிக்கு மணிக்கட்டும் விரல்நுனிகளும் இசைந்து வளைய வேண்டும் என்பதையும், டகரத்துக்கு ஒரு நின்ற கோடும் ஒரு படுத்த கோடும் போதும் என்பதையும் எந்தப் பயிற்சி வகுப்பும் எனக்கு அவ்வளவு தெளிவாகக் காட்டியதில்லை. "நின்னுச்சு, படுத்துச்சு" என்று தானே சொல்லிக்கொண்டு அவன் ரவையில் டகரம் போட்டான். அழித்துவிட்டு மறுபடியும் போட்டான். மணியடித்த பிறகும் தட்டை விட்டு எழவில்லை. அன்று மாலை உங்கள் குறிப்பேட்டை என்னிடம் திறந்து காட்டினீர்கள்: களிமண் கிள்ளுதல், புளியங்கொட்டை பொறுக்குதல், மணி கோத்தல், பிறகு நின்ற கோடு, படுத்த கோடு, சாய்ந்த கோடு, அதன் பிறகே ட, ப, ம. ஒவ்வொன்றுக்கும் நேராக, அது கையின் எந்தப் பகுதிக்கான வேலை என்று எழுதியிருந்தீர்கள். அதுபோல ஒரு திட்டத்தை நான் அதற்குப் பின் பார்த்ததில்லை.

1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்த இத்தாலியக் கல்வியாளர் மாண்டிசோரி அம்மையார், உப்புத்தாளில் வெட்டிய எழுத்துகளைக் குழந்தைகள் விரலால் தடவிப் பழகிய பிறகே அவர்களை எழுத்துக்கு அழைத்தார் என்று எங்களுக்குச் சொன்னவரும் நீங்கள்தான். அப்படிச் சொன்னவர், ஜூலை முடிவதற்குள் உயிரெழுத்துகள் பன்னிரண்டையும் நோட்டில் எழுதி முடிக்க வேண்டும் என்ற அட்டவணையில் எப்படிக் கையெழுத்திட்டீர்கள்?

இந்தக் கடிதத்தை நம்முடன் பணியாற்றுகிறவர்களும் பெற்றோர் சிலரும் படிப்பார்கள் என்பதால், அந்த அட்டவணை பற்றி நடந்த கூட்டத்தில் யார் என்ன பேசினார்கள் என்பதை எழுதப் போவதில்லை. பெற்றோரைக் குறை கூறுவதும் என் நோக்கமன்று; பக்கத்து வீட்டுப் பிள்ளையின் நோட்டு நிரம்பியிருக்கும்போது தம் பிள்ளையின் நோட்டு வெறுமையாக இருந்தால் யாருக்கும் கலக்கம் வரும். அந்தக் கலக்கத்துக்குப் பதில் சொல்லக்கூடியவர் அந்த வளாகத்தில் நீங்கள் ஒருவரே. 2022இல் வெளியான தேசியக் கலைத்திட்டச் சட்டகம் மூன்று முதல் எட்டு வயது வரையிலான கல்விக்கு விளையாட்டையே அடிப்படையாக வைத்திருக்கிறது. நீங்கள் அதை மேசை மேல் வைத்திருந்தாலே பாதிப் பேச்சு முடிந்திருக்கும்.

என் வழியனுப்பு நிகழ்ச்சிக்கு நான் வராதது உங்களை வருத்தியிருந்தால் மன்னித்துவிடுங்கள். வந்திருந்தால் உங்களை வாழ்த்திப் பேச வேண்டியிருந்திருக்கும், அதற்கு அன்று மனம் ஒப்பவில்லை. உங்களுக்கும் குடும்பப் பொறுப்புகள் உண்டு, ஓய்வுக்குச் சில ஆண்டுகளே உள்ளன என்பதை நான் மறக்கவில்லை. இருந்தும், அந்தச் சிறுவனைப் போன்ற பிள்ளைகளுக்கு உங்கள் மௌனம் செய்த கெடுதலை அந்தக் காரணங்கள் குறைத்துவிடாது.

உங்கள் குறிப்பேட்டின் நகல் என்னிடம் இருக்கிறது. ஜூன் மாதத்துக்கு அதையே பின்பற்றப் போகிறேன். இதற்கு உங்கள் அனுமதியைக் கேட்கவில்லை. மகரத்தின் மடிப்பிலிருந்து அகரத்தின் சுழிக்குப் போகும் இடைப்பட்ட வாரங்களுக்கான பக்கங்கள் மட்டும் நகலில் இல்லை. அவற்றை எழுதி அனுப்புங்கள், அக்கா. பள்ளி திறப்பதற்கு முன் வந்துசேர்ந்தால் போதும்.

அன்புடன்,
உங்கள் பழைய வகுப்புத் துணை ஆசிரியை