ஐம்பது கதிரை

வெள்ளவத்தை,
ஞாயிறு காலை.

அன்பு மகளுக்கு,

வெள்ளிக்கிழமை இரவு நீ போன் எடுத்ததிலிருந்து எனக்கு மனம் ஒரு இடத்தில் நிற்கவில்லை. லண்டனில் அந்தப் பெரிய நாடகத் தியேட்டர் வேலை கிடைக்கவில்லை என்று சொன்னாய். அது பரவாயில்லை, எல்லோருக்கும் நடப்பதுதான். அதற்குப் பிறகு நீ சொன்னதுதான் இன்னும் காதில் நிற்கிறது. "பப்புக்கு மேலே இருக்கிற அந்தச் சின்ன இடத்தில் புது நாடகம் ஒன்றுக்கு லைட் செய்யக் கேட்கினம் அப்பா. ஐம்பது கதிரைதான். ஆருக்கும் சொல்லாதேங்கோ." அம்மாவும் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தா. போனை வைத்த பிறகு இரண்டு பேரும் கொஞ்ச நேரம் ஒன்றும் கதைக்கவில்லை. போனில் எனக்குக் கோர்வையாகக் கதைக்க வராது என்று உனக்குத் தெரியும். அதனால் எழுதுகிறேன்.

அந்த வேலையை எடு பிள்ளை. வேறு கிடைக்கவில்லையே என்று எடுக்காதே. நீ இவ்வளவு காலம் தேடிய வேலை அதுதான் என்று எடு.

உப்புத்தண்ணிக் குழாயின் கதையை உனக்குச் சின்ன வயதில் சொல்லியிருக்கிறேன், ஆனால் முழுதாகச் சொன்னதில்லை. எழுபதுகளின் கடைசி. பகலில் மின்சார வேலை, பின்னேரம் ஐந்து மணிக்குப் பிறகு நாடகம். லைட்டை மெதுவாகக் கூட்டிக் குறைக்கிற டிம்மரை வாடகைக்கு எடுக்க எங்களிடம் காசு இல்லை. அதனால் கழிவுநீருக்குப் போடுகிற பீங்கான் குழாய் ஒன்றை நிமிர்த்தி வைத்து, அடியை அடைத்து, உள்ளே ஒரு ஈயத் தகட்டை இறக்குவோம். மேலே கயிற்றில் இன்னொரு தகடு. நடுவில் உப்புக் கரைத்த தண்ணீர். மேல் தகட்டை இறக்க இறக்க இரண்டுக்கும் நடுவில் தண்ணீர் குறையும், மின்சாரம் தாராளமாகப் போகும், மேடையில் வெளிச்சம் கூடும். தூக்கினால் மங்கும். உப்புக் குறைந்தால் லைட் முழுதாக எரியாது. கூடினால் தண்ணீர் சுடும். ஒரு முறை நான் கைப்பிடி உப்பைக் கூடப் போட்டு, இரண்டாம் காட்சி முடிவதற்குள் குழாய் கொதித்து ஆவி மேடைக்குள்ளே போய்விட்டது. பார்த்தவர்கள் அதை விடியற்காலைப் பனி என்று நினைத்தார்கள். றப்பர் செருப்பும் காய்ந்த பலகையும்தான் எனக்குப் பாதுகாப்பு. அது உயிரோடு விளையாடுகிற வேலை, இன்றைக்கு ஒருவரும் செய்யக்கூடாது.

ஆனால் அந்தக் கயிறு எனக்கு ஒன்றைப் பழக்கியது. ஒரு நாடகத்தில் தாய்க்காரி மகனின் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் நிற்பா. அங்கே வெளிச்சம் இறங்க வேண்டும். தாயாக நடித்த பிள்ளை அப்படி நிற்கிற நேரம் ஒவ்வொரு இரவும் வேறு. ஒரு நாள் நான்கு மூச்சு, ஒரு நாள் ஏழு மூச்சு. நான் மேடையின் ஓரத்தில் பத்தடி தூரத்தில் குந்தியிருந்து, அவவின் தோள் இறங்குவதைப் பார்த்துத்தான் கயிற்றை இழுப்பேன். சபையில் இருந்தவர்களும் அதே தூரத்தில்தான் இருந்தார்கள். முன்வரிசையில் ஒரு கிழவர் சால்வையால் மூக்கைத் துடைத்தது எனக்குக் கேட்டது. பெரிய மண்டபத்தில் அது நடக்காது.

நாங்கள் லண்டனுக்கு வந்தபோது நீ முதல் இரவு பெரிய தியேட்டர்கள் இருக்கிற வெஸ்ட் எண்டில் அந்தப் பெரிய இசை நாடகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாய். குறை சொல்லவில்லை, நான் மேலே தொங்கிய லைட்டுகளை எண்ணத் தொடங்கி பாதியில் விட்டுவிட்டேன். அவ்வளவு வடிவு. ஆனால் அந்த வெளிச்சத்தைப் போட்டவர் எப்போதோ முடித்துவிட்டுப் போய்விட்டார். கம்பியூட்டரில் பதிந்தாயிற்று. ஒவ்வொரு இரவும் இருக்கிறவர் குறித்த நேரத்தில் பட்டனை அழுத்த வேண்டும், அழுத்தினால் நேற்று மாதிரியே இன்றும் வரும். அங்கே அகதா கிறிஸ்டியின் நாடகம் ஒன்று 1952இல் தொடங்கியது, கொரோனாவுக்கு மூடினார்கள், பிறகு திறந்து இன்னும் போய்க்கொண்டிருக்கிறது. அதுவும் ஒரு பெரிய உழைப்புத்தான். நீ போக விரும்பியதும் அப்படியொரு இடத்துக்குத்தான். போயிருந்தால் சம்பளம் கிடைத்திருக்கும், உன் வெளிச்சம் என்று ஒன்று இருந்திருக்காது.

இரண்டாம் இரவு பப்பின் பக்கத்துப் படியேறி அந்தச் சின்ன அறைக்குப் போனோமே. கீழே கால்பந்து பார்ப்பவர்கள் கத்துகிற சத்தம் தரையால் வந்தது. அம்மா கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, காலை நீட்டினால் நடிகரின் காலில் முட்டும் என்று மடக்கிக்கொண்டே இருந்தா. அரை மணித்தியாலத்தில் கையைப் பையிலிருந்து எடுத்துவிட்டா. கிழட்டுத் தகப்பனாக நடித்தவர் ஒரு ஒரேஞ்சை உரித்தார். அந்த மணம் எங்கள் இரண்டு பேருக்கும் வந்தது. திரும்பி வருகிற பஸ்ஸில் அம்மா கதைத்தது முழுக்க அந்தத் தகப்பனைப் பற்றித்தான். முதல் நாள் இசை நாடகத்தைப் பற்றி, "நல்லாயிருந்தது" என்று மட்டும் சொன்னவ.

ஊருக்கு வந்த பிறகு நான் இந்த இடங்களைப் பற்றித் தேடி வாசித்தேன். 1968 வரைக்கும் இங்கிலாந்தில் ஒரு நாடகத்தை மேடையேற்றுவதென்றால் பிரதியை லோர்ட் சேம்பர்லேன் என்கிற அரண்மனை அதிகாரியின் அலுவலகத்துக்குக் கொடுத்து அனுமதி வாங்க வேண்டும். அந்த ஆண்டு சட்டத்தால் அதை எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு பப்புகளின் பின்னறையிலும் மாடியிலும் நாடகம் முளைத்ததைப் பார். இஸ்லிங்டனில் கிங்ஸ் ஹெட் 1970. புதுக் காசுக் கணக்கு வந்த பிறகும் பழைய பவுண், ஷில்லிங்கிலேயே குடிவகைக்கு விலை சொன்ன பப் அது. ஷெப்பர்ட்ஸ் புஷ்ஷில் புஷ் தியேட்டர் 1972, அதுவும் ஒரு பப்பின் மாடிதான். 2011இல்தான் பக்கத்துப் பழைய நூலகக் கட்டடத்துக்குப் போனது. டால்ஸ்டனில் ஆர்கோலா 2000இல் ஒரு பழைய துணித் தொழிற்சாலைக்குள் தொடங்கியது.

காரணம் விளங்காத விஷயம் இல்லை. இரண்டாயிரம் கதிரை உள்ள இடத்தில் ஒவ்வொரு கிழமையும் செலவு மலை மாதிரி ஏறும். அதை நிரப்ப வேண்டுமென்றால் எல்லோருக்கும் தெரிந்த கதையும் எல்லோருக்கும் தெரிந்த முகமும் வேண்டும். பெயர் தெரியாத பிள்ளை எழுதிய முதல் நாடகத்தை அங்கே போட ஒருவருக்கும் துணிவு வராது, அவர்களில் பிழையும் இல்லை. ஐம்பது கதிரையில் தோற்றால் நட்டம் ஐம்பது கதிரைதான். அதனால்தான் புதியவர்கள் அந்தப் படியால் ஏறி வருகிறார்கள்.

உனக்குப் பக்கத்தில் எர்ல்ஸ்ஃபீல்டில் தாரா தியேட்டர் இருக்கிறது. டூட்டிங்குக்கு மரக்கறி வாங்கப் போகிறபோது ஒருநாள் இறங்கிப் பார். 1976இல் சவுத்தோலில் குர்தீப் சிங் சாகர் என்ற பதினெட்டு வயதுப் பையனை இனவெறியில் கொன்றார்கள். அடுத்த ஆண்டு ஜதீந்தர் வர்மாவும் இன்னும் சில இளைஞர்களும் சேர்ந்து தாரா ஆர்ட்ஸைத் தொடங்கினார்கள். 2016இல் கட்டடத்தைப் புதுப்பித்துத் திறந்தபோது உள்ளே மண் தரை போட்டார்களாம். லண்டன் நகரத்துக்குள் மண் தரை! அதை வாசித்த அன்று நான் அம்மாவைக் கூப்பிட்டுத் திரும்பவும் வாசித்துக் காட்டினேன்.

எங்கள் கொழும்புப் பக்கத்தையும் நினைத்துப் பார். மருதானை டவர் ஹோல் அரங்கு 1911இலிருந்து இருக்கிறது, லயனல் வெண்ட் அரங்கு 1953இலிருந்து. தமிழ் நாடகம் அங்கேயெல்லாம் ஏறவில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதற்குப் பழகிய இடம் பம்பலப்பிட்டி சரஸ்வதி மண்டபமும் பள்ளிக்கூட மண்டபங்களும்தான். கடல் பக்கத்து மண்டபம் ஒன்றில் ரயில் போகிறபோது நடிகர்கள் வசனத்தை நிறுத்தி, போன பிறகு விட்ட இடத்திலிருந்து தொடங்குவார்கள். சபையும் சேர்ந்து காத்திருக்கும். நாடக நெறியாளர் பாலேந்திராவின் ஆட்கள் 1978இல் தமிழ் அவைக்காற்றுக் கலைக் கழகத்தைத் தொடங்கியது அந்தக் காலத்தில்தான். பிறகு 83 ஆடிக் கலவரம் வந்தது. சேர்ந்து நடித்தவர்கள் எத்தனை நாட்டுக்குப் போனார்கள் என்று எனக்கு இன்னும் கணக்கில்லை. என் குழாயும் அந்த ஆடியோடு போயிற்று. அதைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. ஆனால் அந்தக் கழகம் லண்டனுக்குப் போய் அங்கேயும் தமிழில் நாடகம் போட்டதே, அதை நீ நினைத்துக்கொள். வெளிநாட்டில் வாடகை மண்டபம், ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை, பகல் முழுக்க வேறு வேலை. அவர்கள் அதைச் சின்ன இடம் என்று ஒளித்து வைக்கவில்லை.

பொரளையில் நமெல் வீரமுனியும் மாலினி வீரமுனியும் ஒரு அரங்கைக் கட்டிப் 'புஞ்சி தியேட்டர்' என்றே பெயர் வைத்தார்கள். புஞ்சி என்றால் சிங்களத்தில் சின்னது என்று உனக்குத் தெரியும்தானே. பெயர்ப்பலகையிலேயே பெரிதாக எழுதிவிட்டார்கள்.

இனிக் காசு விஷயம். இதில் அப்பா சொல்வதைக் கவனமாகக் கேள். லாபத்தில் பங்கு தருவோம் என்பார்கள். டிக்கட் 15 பவுண், 20 இரவு, பாதிக் கதிரை நிறைகிறது என்று வை. 500 டிக்கட், 7,500 பவுண். அதில் இடத்துக்கு வாடகை, ஒத்திகை அறை, உடுப்பு, விளம்பரம் எல்லாம் போகப் பங்கு போட ஒன்றும் மிஞ்சாது. நாடகம் போடுகிறவர்கள் கெட்டவர்கள் என்று இல்லை, கணக்கு அப்படி. அதனால் பங்கு வேண்டாம், ஒரு சிறு தொகையைத் தொடக்கத்திலேயே பேசி எழுத்தில் வாங்கு. நானும் ஒரு குழுவுக்கு மூன்று நாடகம் வாய்ப்பேச்சை நம்பி லைட் செய்தேன். கடைசியில் வயருக்குப் போட்ட காசுகூடத் திரும்பவில்லை. உன் அம்மாவின் வளையல் ஒன்று அந்த மாதம் அடகுக்குப் போனது. உனக்கு அது வேண்டாம். ஈக்விட்டி என்கிற நாடகக்காரரின் தொழிற்சங்கத்தில் லைட் வடிவமைப்பாளர்களும் சேரலாம், சேர்ந்துவிடு. பகல் வேலையை விடாதே. நாடகம் ஓடுகிற கிழமைகளுக்கு லீவை இப்போதே கேட்டு வை.

அப்புறம், அந்த அறையைப் பற்றி நான் பார்த்து வைத்ததைச் சொல்கிறேன். கூரை தாழ்வு. லைட் நடிகரின் தலைக்கு மேலே நாலு அடியில்தான் தொங்கும். நேராக அடித்தால் கண்குழியில் நிழல் விழும், பக்கத்தால் அடித்தால் முன்வரிசைக்காரரின் முகம்தான் வெளிச்சமாகும். சுவருக்குக் கறுப்பு அடித்திருக்கிறார்கள், ஆனால் தரை பளபளப்பு. பாதி வெளிச்சம் அங்கேயிருந்துதான் திரும்பி எழும்பும். முதலில் தரையைப் பார். கதவுக்கு மேலே பச்சை வெளியேறும் விளக்கை அணைக்க விடமாட்டார்கள். அதனால் முழு இருட்டு உனக்குக் கிடைக்காது, அந்தப் பச்சையையும் கணக்கில் வைத்துச் செய். பன்னிரண்டு லைட் தந்தால் எட்டைத் தொங்கவிட்டு ஒத்திகையைத் தொடங்கு. நடிகர்கள் எங்கே நிற்கிறார்கள் என்று ஒரு கிழமை பார்த்த பிறகு மிச்சம் நாலையும் ஏற்று. ஒத்திகைக்குப் போகாமல் பிளானை மட்டும் வைத்து வெளிச்சம் போடாதே. அவர்களின் தோளைப் பார்.

பெரிய தியேட்டர் பிறகு கூப்பிட்டால் போ, அப்பா தடுக்க மாட்டேன். இப்போது இதைச் செய். ஆருக்கும் சொல்லாதேங்கோ என்றாய், ஆனால் அம்மா நேற்றே கோவிலில் மாமியவைக்குச் சொல்லிவிட்டா. மாமி, நாடகம் எத்தனையாம் திகதி என்று கேட்டவவாம்.

லைட் பிளான் கீறியதும் படம் எடுத்து அனுப்பு. எழுத்துச் சின்னதாக இருந்தால் எனக்குத் தெரியாது, பெரிதாக எழுது. தம்பியின் சிநேகிதன் அடுத்த மாதம் அங்கே வருகிறான், அவனிடம் மிளகாய்த்தூளும் என் பழைய ஸ்பானரும் தந்துவிடுகிறேன். ஸ்பானரின் பிடியில் சுற்றியிருக்கிற டேப்பைக் கழற்றாதே, மேலே ஏறி வேலை செய்கிறபோது கை வழுக்காது.

அன்புடன்,
அப்பா