விளம்பரத் தடுப்பை நீங்களே போட்டுத் தாருங்கள்

உப்புவெளி,
திருகோணமலை.

வாடிக்கையாளர் சேவைப் பிரிவுக்கு,

ஐயா / அம்மணி,

விடயம்: உங்கள் பிரவுசரில் விளம்பரத் தடுப்பு இல்லாதது பற்றிய முறைப்பாடு

மூன்று வருடங்களாக உங்கள் பிரவுசரைப் பாவிக்கிறேன். ஆளைப் பின்தொடர விடாது என்று நீங்கள் போட்டிருந்ததை நம்பித்தான் அப்பாவின் போனிலும் அதை ஏற்றிக் கொடுத்தேன். அப்பாவுக்கு 74 வயது. காலையில் தேத்தண்ணியோடு மரண அறிவித்தல்களைப் பார்க்காவிட்டால் அவருக்கு நாள் தொடங்காது. ஊரில் யார், கனடாவில் யார் என்று பார்த்து, தெரிந்த ஆட்கள் என்றால் உடனே அந்த வீட்டுக்குக் கோல் எடுப்பார்.

போன மாதம் அப்படி ஓர் அறிவித்தலைத் திறந்தபோது, போனில் வைரஸ் இருக்கிறது, உடனே சுத்தப்படுத்துங்கள் என்று திரை நிறைய ஒரு விளம்பரம் வந்திருக்கிறது. பயந்துபோய் அழுத்திவிட்டார். ஏதோ ஓர் ஆப் இறங்கியது. அதற்குப் பிறகு போனைத் தொட்டாலே விளம்பரம்தான். ஒரு மாதத்துக்குப் போட்ட டேட்டா பத்து நாளில் முடிந்தது. டவுனில் போன் திருத்துகிற கடையில் எல்லாவற்றையும் அழித்துத்தான் சரியாக்க முடிந்தது. கோணேஸ்வரர் கோயில் திருவிழாவில் பேரப்பிள்ளைகளோடு எடுத்த படங்களும் அதோடு போய்விட்டன. இப்போது அறிவித்தல் பார்க்கவும் என்னைத்தான் கூப்பிடுகிறார். தானாகப் போனை எடுக்கப் பயப்படுகிறார். எனக்கு அதுதான் பெரிய கவலை.

இதை உங்களுக்கு எழுதினேன். பின்தொடரும் குக்கீகளை (ஆளை அடையாளம் வைக்கப் பிரவுசரில் போட்டுவைக்கிற சின்னக் குறிப்புகளை) தடுக்கிறோம், விளம்பரம் வேண்டாமென்றால் விரும்பிய நீட்சியை, அதாவது பிரவுசரோடு தனியாகச் சேர்க்கிற சின்ன மென்பொருளை, சேர்த்துக்கொள்ளுங்கள் என்று பதில் போட்டீர்கள். நீட்சி என்றால் என்னவென்று தெரிந்தவர் அதை ஏற்கெனவே போட்டிருப்பார். செட்டிங்ஸ் பக்கத்தை ஒருநாளும் திறந்து பார்க்காத அப்பாவுக்கு அந்தப் பதிலால் என்ன பயன்?

குக்கீயைத் தடுத்தால் போதும் என்பதும் சரியில்லை. பல தளங்களில் பக்கம் திறக்கிற அந்தக் கணத்திலேயே விளம்பர இடம் ஏலத்துக்குப் போகிறது. எந்தப் பக்கம், எந்த வகைப் போன், ஏறக்குறைய எந்த ஊர் என்ற விவரமெல்லாம் ஏலம் கேட்கிற நிறுவனங்களுக்குப் போகும். தோற்றுப்போகிற நிறுவனத்துக்கும் அது கிடைத்துவிடும். அப்பா எந்தச் செத்தவீட்டுச் செய்தியை வாசிக்கிறார் என்பது முன்பின் தெரியாத இத்தனை பேருக்கு எதற்கு?

அப்புறம், ஆளுக்கொரு நீட்சியைப் போட்டால் ஒவ்வொருவருடைய பிரவுசரும் வேறு மாதிரித் தெரியும். அதை வைத்தே ஆளைப் பிரித்து அடையாளம் காணலாம். ஆளை அடையாளம் காட்டாமல் இணையம் பார்ப்பதற்கான டோர் பிரவுசரைச் செய்பவர்கள் நீட்சி சேர்க்க வேண்டாம் என்று சொல்வதற்கு இது ஒரு முக்கிய காரணம். அவர்கள் விளம்பரத் தடுப்பை வைப்பதில்லை என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் அவர்களே முல்வாட் நிறுவனத்தோடு சேர்ந்து செய்து 2023இல் வெளிவந்த முல்வாட் பிரவுசரில் யூபிளாக் ஒரிஜின் என்ற விளம்பரத் தடுப்பான் எல்லோருக்கும் ஒரே மாதிரி உள்ளேயே வருகிறது. பிரேவ் பிரவுசரிலும் தடுப்பு ஏற்கெனவே போடப்பட்டுத்தான் வருகிறது. தேடல் விளம்பரங்கள் வழியாக மோசடி நடப்பதால் தடுப்பானைப் பாவியுங்கள் என்று 2022 டிசம்பரில் அமெரிக்காவின் எஃப்பிஐயே பொதுமக்களுக்கு அறிவுறுத்தியது.

விளம்பரம் இல்லாமல் சின்னத் தமிழ்த் தளங்கள் எப்படி நடக்கும் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அந்த அறிவித்தல் தளம் நின்றுபோனால் முதலில் கவலைப்படுவது அப்பாதான். அதனால் தளத்துக்குத் தளம் தடுப்பை நிறுத்துகிற பொத்தானை முகவரிப் பட்டைக்குப் பக்கத்திலேயே வையுங்கள். நம்புகிற தளத்துக்கு நானே திறந்துவிடுவேன். பேப்பரில் நகைக்கடை விளம்பரம் வருவதுபோல, ஒரு தளம் தானே ஒரு படத்தைப் போட்டால் எனக்கு ஆட்சேபணை இல்லை, அதற்கு யாரையும் பின்தொடரத் தேவையில்லை. ஆனால் காசு வாங்கிக்கொண்டு சில நிறுவனங்களின் விளம்பரங்களை மட்டும் உள்ளே விடுகிற ஏற்பாட்டுக்குத் தயவுசெய்து போகாதீர்கள்.

அடுத்த பதிப்பில் தடுப்பைப் போட்டே தாருங்கள். முதல்முறை திறக்கும்போது அது என்ன செய்கிறது என்று தமிழில் இரண்டு வரி காட்டுங்கள். செய்வீர்களா, மாட்டீர்களா என்பதை எழுத்தில் அறியத் தாருங்கள். அப்பாவின் போனில் இப்போது வேறு பிரவுசர் போட்டிருக்கிறேன். என்னுடையதில் உங்களுடையதுதான் இன்னும் இருக்கிறது. உங்கள் பதில் வரும்வரை அதை மாற்றவில்லை.

நன்றி.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்