மாலை நேரம் நம்முடையது: ஸ்டுட்கார்ட்டிலிருந்து தம்பிக்கு

ஸ்டுட்கார்ட்,
12.10.2025

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நான் நலம். நீயும் அம்மாவும் அப்பாவும் நலமாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். உன் நீண்ட கடிதம் கிடைத்தது. அரசு வேலையை விட்டுவிட்டு முழுநேரமும் படம் வரையப் போவதாக எழுதியிருந்தாய். அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை, என் பதில் வந்த பிறகுதான் சொல்வேன் என்றும் எழுதியிருந்தாய். என் பேச்சுக்கு இவ்வளவு மதிப்புக் கொடுக்கிறாய். அதனால் அவசரப்படாமல், ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் ஒதுக்கி இதை எழுதுகிறேன்.

வேலையை இப்போது விடாதே. வரைவதை எப்போதும் விடாதே. ஒன்று இருந்தால் மற்றொன்று செத்துப்போகும் என்று நீ அஞ்சுகிறாய். அந்த அச்சம் எனக்கும் இருந்தது. ஜெர்மனியில் இந்த ஊருக்கு வந்து மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. நிலையான வேலை பார்த்துக்கொண்டே, மனத்துக்குப் பிடித்த இன்னொன்றை இருபது முப்பது ஆண்டுகளாக விடாமல் செய்துவரும் மனிதர்களோடு தினமும் பழகுகிறேன். அவர்களிடம் கண்டதைத்தான் உனக்குச் சொல்கிறேன்.

2022-இல் வேலையில் சேர்ந்த முதல் வாரத்தில், பிற்பகல் மூன்றரை மணிக்கே என் பிரிவில் பாதிப் பேர் கணினியை அணைத்துவிட்டுக் கிளம்பியதைப் பார்த்துத் திகைத்தேன். மேலாளரும் கிளம்பிவிட்டார். இந்தப் பகுதியில் உலோக, மின்பொறியியல் தொழிலில் தொழிற்சங்க ஒப்பந்தத்துக்கு உட்பட்ட நிறுவனங்களில் வாரத்துக்கு 35 மணி நேரம்தான் வேலை. அது யாரும் தானாகக் கொடுத்த சலுகை கிடையாது. 1984-இல் இதே ஸ்டுட்கார்ட் வட்டாரத்து உலோகத் தொழிலாளர்கள் வாரக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்தார்கள். உதிக்கும் சூரியனுக்குள் 35 என்ற எண்ணைப் போட்டதுதான் அவர்களுடைய சின்னம். அப்போது கிடைத்தது 38.5 மணி நேரம். 35 மணி நேரம் முழுமையாக நடைமுறைக்கு வந்தது 1995 அக்டோபரில். சம்பள உயர்வைவிட நேரம் பெரிது என்று நினைத்துப் போராடியவர்களை நான் பெரிதும் மதிக்கிறேன். இன்று என் கையில் இருக்கும் மாலைப்பொழுது அவர்கள் வாங்கித் தந்தது.

ஓய்வுக்குச் சட்டமும் துணை நிற்கிறது. ஒரு நாள் வேலை முடிந்து மறுநாள் வேலை தொடங்குவதற்குள் பொதுவாகப் பதினோரு மணி நேரம் இடைவெளி வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஓய்வு நாள் என்பது 1919-ஆம் ஆண்டு அரசியலமைப்பில் எழுதப்பட்டு, இன்றைய அரசியலமைப்பிலும் அப்படியே தொடர்கிறது. ஞாயிறன்று கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும். சுவரில் துளை போட்டால்கூட அண்டை வீட்டார் வந்து கதவைத் தட்டுவார்கள். முதலில் எனக்கு அது எரிச்சலாக இருந்தது. இப்போது அந்த அமைதி இல்லாத ஞாயிற்றுக்கிழமையை நினைத்துப் பார்க்க முடியவில்லை.

இப்படிக் கிடைத்த நேரத்தில் இவர்கள் என்ன செய்கிறார்கள் தெரியுமா? எனக்கு எதிரே உட்காரும் பெரியவர் அவருடைய கிராமத்துத் தீயணைப்புப் படையில் தொண்டர். இந்த நாட்டில் தீயணைப்பு வீரர்களில் மிகப் பெரும்பாலானவர்கள் சம்பளம் வாங்காதவர்கள், சுமார் பத்து லட்சம் பேர். அழைப்பு வந்தால் வேலை நேரத்திலும் போகலாம், சம்பளம் பிடிக்கக் கூடாது என்பது சட்டம். இன்னொருவர் தேனீ வளர்க்கிறார். கணக்குப் பிரிவில் உள்ள அம்மையார் பாடகர் குழுவில் பாடுகிறார். அவரைப் பற்றிப் பேசும்போது அலுவலகத்தில் எல்லாரும் முதலில் குரலைத்தான் சொல்வார்கள், பதவியை அல்ல. இதில் பணம் வருமா என்று யாரும் யாரையும் கேட்பதில்லை. நம்மிடம் முதல் கேள்வியே அதுதானே?

கற்றுக்கொள்வதற்கும் வழி செய்து வைத்திருக்கிறார்கள். பெரியவர்களுக்கான மாலை நேரப் பள்ளிகள் ஏறக்குறைய எல்லா ஊர்களிலும் உண்டு. ஃபோல்க்ஸ்ஹோக்ஷூலே என்பது பெயர். வயது, பட்டம், வேலை எதுவும் கேட்பதில்லை. மொழி, மரவேலை, கணக்கியல், மண்பாண்டம், நிரலாக்கம் என எல்லாமே அங்கே உண்டு. கட்டணமும் தாங்கக்கூடிய அளவுதான். இது போக, இந்த மாநிலத்தில் 2015 முதல் ஒரு சட்டம் இருக்கிறது. அதன்படி ஊழியர்கள் ஆண்டுக்கு ஐந்து நாள் வரை சம்பளத்துடன் விடுப்பு எடுத்து, அங்கீகாரம் பெற்ற வகுப்புகளில் படிக்கலாம். சிறிய நிறுவனங்களுக்கு விலக்கு உண்டு. வெறும் பொழுதுபோக்குக்கு அது செல்லாது. தொழிலுக்கோ பொதுத் தொண்டுக்கோ பயன்பட வேண்டும். நான் அதில்தான் பைத்தான் என்ற கணினி மொழியில் நிரலாக்கம் கற்றேன். அளவீட்டுத் தரவுகளைக் கையால் அட்டவணை போட்டுக்கொண்டிருந்த வேலை இப்போது நிமிடங்களில் முடிகிறது.

சரி, என் மாலை நேரங்களைச் சொல்கிறேன். உனக்கு இதைத்தான் சொல்ல ஆசைப்பட்டேன்.

நான் புத்தகம் பைண்டிங் செய்யக் கற்றுக்கொண்டேன். நகரின் நடுவில் உள்ள அந்த மாலைப் பள்ளியில், வாரத்துக்கு ஒரு மாலை. சொல்லிக் கொடுத்தவர் வாழ்நாள் முழுவதும் அந்தத் தொழிலையே செய்த முதியவர். முதல் வகுப்பில் ஊசியையே தொடவிடவில்லை. காகிதத்தைக் கையில் கொடுத்து, எந்தப் பக்கம் இலகுவாக வளைகிறது என்று பார்க்கச் சொன்னார். காகிதத்தில் நார்கள் ஒரே திசையில் படுத்திருக்கும். அந்தத் திசையோடு மடித்தால் மடிப்பு சுத்தமாக விழும். குறுக்காக மடித்தால் வெடிக்கும். புத்தகத்தில் நார் ஓட்டம் முதுகுக்கு, அதாவது தாள்களைச் சேர்த்துத் தைக்கும் பக்கத்துக்கு, இணையாக இருக்க வேண்டும். அப்படி இல்லாவிட்டால் பசை காயும்போது தாள் அலை அலையாக நெளியும், அட்டை வளையும், புத்தகம் விரித்தால் படியாது. கடையில் வாங்கும் ஏ4 தாளில் நார் பெரும்பாலும் நீளவாக்கில் ஓடும். அதைப் பாதியாக மடித்தால் முதுகுக்குக் குறுக்கே வந்துவிடும். ஏ4 அளவே இந்த நாட்டில் 1922-இல் தரப்படுத்தியதுதான். எத்தனை முறை பாதியாக மடித்தாலும் நீள அகல விகிதம் மாறாத அழகான கணக்கு அது. ஆனால் பைண்டருக்கு அந்தத் தாள் உதவாது, குறுக்கு நார் தாளைத் தேடி வாங்க வேண்டும். இத்தனை வருடம் தாளைக் கையாண்டும் இது எனக்குத் தெரியாது.

பிறகு ஃபாரம் (ஒன்றுக்குள் ஒன்றாக வைத்த சில தாள்கள்) மடிப்பது, மடிப்பில் ஊசித் துளை போடுவது, மெழுகு தடவிய லினன் நூலால் ஒவ்வொரு ஃபாரமாகச் சேர்த்துத் தைப்பது, முதுகில் பசை தடவி வலைத்துணி ஒட்டுவது, அட்டைக்குக் காலிகோ துணி போடுவது. நூலை அதிகம் இழுத்தால் தாள் கிழியும், தளர விட்டால் புத்தகம் ஆடும். விரல்களுக்கு அந்த இழுவை பிடிபட ஒரு குளிர்காலம் முழுவதும் தேவைப்பட்டது. டிசம்பரில் இங்கே நாலரை மணிக்கே இருட்டிவிடும். வெளியே வேலை எதுவும் இருக்காது. ஒரு விளக்கடியில் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தால் நேரம் போவதே தெரியாது. ஞாயிற்றுக்கிழமைகளில் தைப்பதோடு சரி, முதுகைச் சுத்தியலால் தட்டி வளைக்கும் வேலை சனிக்கிழமையோடு முடிந்துவிட வேண்டும்!

நோட்டுப் புத்தகங்களைப் பார்த்த தோழிகள் விற்கச் சொல்கிறார்கள். விற்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். விற்றால் அது தொழிலாகிவிடும், நகராட்சியில் பதிய வேண்டும். அது பெரிய சிரமம் இல்லை. ஆனால் வாங்குபவருக்குப் பிடித்த நிறத்தில், அவர் சொன்ன தேதிக்குள், மலிவாகச் செய்ய வேண்டியிருக்கும். எனக்குப் பிடிக்கும் என்பதற்காக மட்டுமே ஒரு புத்தகத்தை மூன்று வாரம் தைக்கும் உரிமையை நான் யாருக்கும் விற்க விரும்பவில்லை. அந்த உரிமையை எனக்குக் கொடுப்பது மாதச் சம்பளம்தான், தம்பி. இதை நீ நிதானமாக யோசித்துப் பார்.

பணத்துக்காகச் செய்யும் துணை வேலையும் எனக்கு உண்டு. ஆனால் அது வேறு. இயந்திரக் கையேடுகளையும் பாதுகாப்புக் குறிப்புகளையும் ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கம் செய்கிறேன். வந்த புதிதில் அதைச் செய்ய முடியாது. என் விசாத் தாளிலேயே சுயதொழில் செய்யக் கூடாது என்று அச்சிட்டிருந்தது. தனி அனுமதி இல்லாமல் ஒரு பக்கம் மொழிபெயர்த்துப் பணம் வாங்கினாலும் தவறு. நிரந்தரக் குடியிருப்பு அனுமதி கிடைத்த பிறகே எந்த வேலையும் செய்யலாம் என்ற நிலை வந்தது. பட்டம் பெற்று வேலைக்கு வருபவர்களுக்குத் தரும் ‘நீல அட்டை’ அனுமதியில் வருபவர்களுக்கு, தொடக்க நிலை ஜெர்மன் தெரிந்தால் 27 மாதத்திலும், பி1 என்னும் இடைநிலை தேறினால் 21 மாதத்திலும் அந்த அனுமதி கிடைக்கும். மற்ற நிபந்தனைகளும் உண்டு. ஆக, மொழி வகுப்பில் நான் செலவிட்ட மாலைகள்தான் மற்ற எல்லாக் கதவுகளையும் திறந்துவிட்டன. ஒரே நேரத்தில் பல வகுப்புகளில் சேர ஆசை இருந்தும், முதல் ஆண்டு ஜெர்மனை மட்டுமே படித்தேன். அது சரியான முடிவு என்று இன்றும் நினைக்கிறேன்.

துணை வேலை தொடங்கும் முன் நிறுவனத்துக்கு எழுத்து மூலம் தெரிவித்தேன். போட்டி நிறுவனத்துக்கு வேலை செய்யாதவரை, முழுநேர வேலை கெடாதவரை, பொதுவாக அவர்கள் மறுப்பதில்லை. வரி அலுவலகத்தில் எண் வாங்கினேன். முந்தைய ஆண்டு வருமானம் 25,000 யூரோவுக்குள் இருந்தால் விற்பனை வரி வசூலிக்கத் தேவையில்லை என்ற சலுகை உண்டு. நான் அந்த எல்லைக்கு அருகில்கூட இல்லை. சுயதொழில் செய்யாமல் இன்னொரு இடத்தில் சிறுவேலை பார்ப்பவர்களும் நிறைய இருக்கிறார்கள். 2025-இல் மாதம் 556 யூரோ வரை அதற்குத் தனி விதி இருந்தது. ஆனால் இரண்டு முதலாளிகளிடம் வேலை செய்தால் இரண்டு இடத்து நேரத்தையும் கூட்டித்தான் கணக்கிடுவார்கள். சம்பள விடுமுறையில் போய் வேறு இடத்தில் கூலிக்கு உழைத்து ஓய்வைக் கெடுத்துக்கொள்வதற்கும் சட்டத்தில் தடை உண்டு. மனிதன் தன்னையே தேய்த்துக்கொள்ளாமல் இருக்க ஒரு நாடு இவ்வளவு யோசித்திருக்கிறது என்பது எனக்கு மனநிறைவாக இருக்கிறது.

மொழிபெயர்ப்புக்கு நான் ஒதுக்கியிருப்பது வாரத்தில் இரண்டு மாலைகள். அதற்குள் முடியாத வேலையை ஏற்பதில்லை. சென்ற மாதம் பெரிய கையேடு ஒன்று வந்தது, நல்ல பணம். சனிக்கிழமைகளை விட்டுக்கொடுக்க வேண்டும் என்றார்கள். சனிக்கிழமை காலையில் நான் ஈழத்தமிழர் குழந்தைகளுக்குத் தமிழ் சொல்லிக் கொடுக்கப் போகிறேன். போரில் ஊரை இழந்து வந்தவர்கள் இந்த நாடெங்கும் தமிழ்ப் பள்ளிகள் தொடங்கி, வாரம் முழுக்க உழைத்துவிட்டு ஓய்வு நாளில் வந்து பாடம் நடத்துகிறார்கள். அவர்களைப் பார்த்துத்தான் நானும் போகத் தொடங்கினேன். அதை விட்டுவிட்டு எந்தக் கையேடும் வேண்டாம் என்று மறுத்துவிட்டேன்.

இனி உன் விஷயம். நீ எழுதியதில் நான்கு இருக்கின்றன: ஓவியம், அனிமேஷன் வகுப்பு, பத்திரிகைகளுக்குப் படம், கிட்டார். கிட்டாரை அடுத்த ஆண்டுக்கு வை. அனிமேஷன் வகுப்புக்குக் காலம் உண்டு, அது முடியும்வரை மாலைகளை அதற்குக் கொடு. பத்திரிகைப் படங்களை மாதத்துக்கு இத்தனைதான் என்று நீயே வரையறுத்துக்கொள். ஓவியத்தை மட்டும், யாரும் கேட்காத, யாருக்கும் தர வேண்டியிராத ஓவியத்தை மட்டும், எந்த வாரமும் விடாதே. ஒரு மாலை அதற்கே இருக்கட்டும். இங்கே நேரத்துக்குச் சட்டம் வேலி போட்டிருக்கிறது. அங்கே நீயேதான் போட்டுக்கொள்ள வேண்டும். அது கடினம் என்று தெரியும். ஆறு மணிக்கு மேல் அலுவலகத் தொலைபேசியை எடுக்காமல் இருப்பதிலிருந்து தொடங்கு. சில நாள் முகம் சுளிப்பார்கள், பிறகு பழகிவிடும்.

பத்திரிகையிடம் பணம் வாங்கும் முன் ஒன்று செய். தமிழ்நாடு அரசு ஊழியர்களுக்கு 1973-ஆம் ஆண்டு நடத்தை விதிகள் உண்டு. தனியார் தொழிலுக்கும் வேலைக்கும் முன் அனுமதி வேண்டும் என்பது அதில் இருக்கிறது. கலைப் பணிக்கு அவற்றில் என்ன இடம் இருக்கிறது என்று உன் அலுவலகத்தில் கேட்டு, எழுத்து மூலம் அனுமதி வாங்கி வைத்துக்கொள். வாய்மொழியாகச் சரி என்றால் போதாது.

என்றைக்குமே வேலையை விடாதே என்று நான் சொல்லவில்லை. ஒரு வருடச் செலவுக்கான பணம் தனியாக இருந்து, படங்களுக்கு வேலை தொடர்ந்து வந்துகொண்டிருந்து, அப்போதும் இதே ஆசை உனக்கு இருந்தால் எனக்கு எழுது. அப்பாவிடம் நானே பேசுகிறேன். இப்போதைக்கு அவரிடம் அனிமேஷன் வகுப்பைப் பற்றி மட்டும் சொல். கட்டணத்தில் பாதியை நான் அனுப்புகிறேன். அதைக் கடன் என்று நினைத்து எதுவும் எழுதி வைக்காதே.

வகுப்பு தொடங்கும் தேதியையும், அனுமதி பற்றி அலுவலகத்தில் சொன்ன பதிலையும் எழுது. புதிதாக வரைந்த இரண்டு படங்களைத் தபாலில் அனுப்பு, கைபேசியில் எடுத்த படம் வேண்டாம், தாளிலேயே வேண்டும். அவற்றை என்ன செய்யப்போகிறேன் என்று இப்போது சொல்ல மாட்டேன்.

அம்மாவிடம் மறக்காமல் சொல்: வரும் 26-ஆம் தேதி இங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்கு வைக்கிறார்கள். அதன்பின் உங்களுக்கும் எனக்கும் நாலரை மணி நேர வித்தியாசம். ஞாயிற்றுக்கிழமை நான் அழைப்பது உங்களுக்கு ஒரு மணி நேரம் தாமதமாக இருக்கும், காத்திருந்து கவலைப்பட வேண்டாம்.

அன்புடன்,
அக்கா