தொடக்க இதழில் அச்சிட்ட வாக்குறுதிகளை நாளிதழ் கைவிட்டது குறித்துப் புகார்

அனுப்புநர்
டெல்டா பதிப்பின் ஆண்டுச் சந்தாதாரர்கள்,
தஞ்சாவூர்.

பெறுநர்
வெளியீட்டாளர் அவர்கள்
(நகல்: ஆசிரியர்)

ஐயா,

உங்கள் நாளிதழின் முதல் இதழில், முதல் பக்கத்திலேயே கட்டம் கட்டி நான்கு வாக்குறுதிகள் கொடுத்தீர்கள். செய்தியும் விளம்பரமும் கலக்காது. பிழை நேர்ந்தால் மறுநாளே திருத்தம் வரும். உள்ளூர்ச் செய்தி முழுமையாக இருக்கும். பத்திரிகை யாருடையது என்பது வாசகருக்குத் தெரியும். அதை நம்பித்தான் ஓராண்டுச் சந்தாவை மொத்தமாகக் கட்டினோம். நான்கில் ஒன்றுகூட இன்று நடைமுறையில் இல்லை.

சென்ற மாதம் டெல்டா பதிப்பின் முதல் பக்கத் தலைப்பு: ‘மேட்டூரில் இருந்து விநாடிக்கு 10,000 டிஎம்சி தண்ணீர் திறப்பு’. அணையின் முழுக் கொள்ளளவே 93.47 டிஎம்சிதான். கனஅடி என்று இருக்க வேண்டியது டிஎம்சி ஆகிவிட்டது. ஒரு டிஎம்சி என்பது 100 கோடி கனஅடி. விநாடிக்கு 11,574 கனஅடி வீதம் ஒரு நாள் முழுக்க ஓடினால்தான் அது சேரும். இந்த ஒரு வரியைச் செய்தியைத் திருத்தித் தலைப்பிடும் டெஸ்க்கின் சுவரில் ஒட்டிவைத்தாலே தலைப்பு தப்பியிருக்கும். போகட்டும், இரவுப் பதிப்பை முடிக்கும் அவசரத்தில் எந்தப் பத்திரிகையிலும் பிழை வரும். எங்கள் புகார் திருத்தத்தைப் பற்றியது. ஐந்து நாள் கழித்து, உள்பக்கத்தில், ராசிபலனுக்குக் கீழே, ‘நீர் திறப்புச் செய்தியில் அளவு தவறாக இடம்பெற்றது, வருந்துகிறோம்’ என்று ஒரே வரி. எந்தத் தேதி, எந்தப் பக்கம், அச்சான அளவு எது, சரியான அளவு எது என்று எதுவும் அதில் இல்லை. இணையப் பதிப்பிலோ சத்தமில்லாமல் எண்ணை மாற்றிவிட்டீர்கள்.

திருத்தத்துக்கு நாள்தோறும் மாறாத ஓர் இடம் வேண்டும். தலையங்கப் பக்கமோ இரண்டாம் பக்கமோ, எதுவானாலும் சரி. மேலே சொன்ன நான்கு விவரமும் அதில் இருக்க வேண்டும். இணையத்தில் செய்தியின் தலையிலேயே ‘திருத்தப்பட்டது’ என்ற குறிப்பும் தேதியும் வேண்டும். பிழை செய்த டெஸ்க்கே புகாரையும் விசாரித்தால் அது மேசை இழுப்பறையைத் தாண்டாது. இதற்காகத்தான் லண்டன் கார்டியன் 1997-லும், தி இந்து ஆங்கில நாளிதழ் 2006-லும் வாசகர் தரப்பு ஆசிரியர் என்ற தனிப் பதவியை ஏற்படுத்தின. செய்தி ஆசிரியரின் கைக்குக் கீழே வராத ஒருவர் உங்களுக்கும் தேவை.

அடுத்தது விளம்பரம். உள்ளூர் மருத்துவமனை ஒன்றைப் புகழ்ந்து அரைப்பக்கக் கட்டுரை, ‘நமது நிருபர்’ என்ற பெயரில், செய்தியின் அதே எழுத்துருவில், அதே பத்தி அகலத்தில் வந்தது. வலது மூலையில் ‘விளம்பரப் பகுதி’ என்று எறும்பு அளவு எழுத்து. விளம்பரம் செய்தியிலிருந்து தெளிவாகப் பிரித்துக் காட்டப்பட வேண்டும் என்பது இந்தியப் பத்திரிகைக் கவுன்சிலின் நெறிமுறை. காசு வாங்கிச் செய்தி போடும் பழக்கம் பற்றி 2010-லேயே அந்தக் கவுன்சில் அறிக்கை கொடுத்துவிட்டது. வேறு எழுத்துரு, சுற்றிலும் கோடு, மேலே செய்தி எழுத்துக்குக் குறையாத அளவில் ‘விளம்பரம்’ என்ற சொல், நிருபர் பெயர் கூடவே கூடாது. இதற்குச் செலவு ஒன்றுமில்லை.

செலவு பிடிப்பது வேறு இடத்தில். உங்கள் பகுதிநேர நிருபர்களுக்கு வெளியான செய்தியின் அளவைப் பார்த்துத்தான் கூலி. அதோடு பொங்கல் மலருக்கும் தீபாவளி மலருக்கும் விளம்பர இலக்கு வேறு. காலையில் எந்தக் கடைக்காரரின் வாசலில் விளம்பரம் கேட்டு நின்றாரோ, அவர் மீதே மாலையில் கலப்பட வழக்கு பதிவானால், நிருபர் என்ன எழுதுவார்? நிருபருக்கு மாதச் சம்பளமும் விளம்பரம் பிடிக்கத் தனி ஆளும் வைக்காமல் முதல் வாக்குறுதியைக் காப்பாற்ற முடியாது. கொள்கை எழுதிய அன்றே சம்பளக் கணக்கையும் போட்டிருக்க வேண்டும்.

முழுமை என்றீர்கள். மேட்டூர் நீர்மட்டத்தை மட்டும் போட்டால் கடைமடை விவசாயிக்கு என்ன பயன்? நீர்வரத்து, வெளியேற்றம், இருப்பு, கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் நான்கிலும் விடப்படும் அளவு எல்லாம் சேர்ந்தால்தான் அது செய்தி. ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டியது என்று கொள்முதல் நிலையங்களில் நெல் தேங்கிக் கிடந்த வாரத்தில், டெல்டா பக்கத்தில் பாதியை நடிகரின் பிறந்தநாள் படங்கள் அடைத்துக்கொண்டன.

உரிமையாளர் விவரம்: பத்திரிகைப் பதிவுக்கான 1867 சட்டம் இருந்தவரை, ஆண்டுதோறும் மார்ச்சில் வரும் நான்காம் படிவத்தில் ஒரு சதவீதத்துக்கு மேல் பங்கு வைத்திருப்போர் பெயர்கள் அச்சாகும். 2024 மார்ச்சில் புதிய சட்டம் நடைமுறைக்கு வந்துவிட்டது என்று பதில் எழுதாதீர்கள். வாக்குக் கொடுத்தது சட்டமல்ல, நீங்கள்.

15 நாட்களுக்குள் எழுத்துமூலம் பதில் தேவை. மேட்டூர் செய்திக்கு நான்கு விவரங்களுடன் முதல் பக்கத்தில் திருத்தம் வர வேண்டும். மருத்துவமனைக் கட்டுரை விளம்பரம் என்று அறிவிக்கப்பட வேண்டும். இல்லையென்றால் மீதி மாதங்களுக்கான சந்தாவைத் திருப்பித் தாருங்கள். நாளிதழ் மீதான புகாரை வெளியான இரண்டு மாதங்களுக்குள் பத்திரிகைக் கவுன்சிலுக்கு அனுப்ப வேண்டும், அதற்கு முன் ஆசிரியருக்கு எழுதியிருக்க வேண்டும் என்பது விதி. கவுன்சிலால் அபராதம் போட முடியாது, கண்டிக்க மட்டுமே முடியும் என்பதும் எங்களுக்குத் தெரியும். ஆசிரியருக்கான நகல் இத்துடன் பதிவுத் தபாலில் போகிறது. இரண்டு பக்கங்களின் ஒளிநகலும் இணைத்துள்ளோம்.

இப்படிக்கு,
டெல்டா பதிப்புச் சந்தாதாரர்கள்