தைக்காமல் வைத்திருக்கிறேன்

குடியாத்தம்,
26.5.2024, ஞாயிறு.

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. நலம், நலமறிய ஆவல். அம்மா நன்றாக இருக்கிறாள். ஆயாவுக்கு முழங்கால் வலிதான் வெயிலோடு சேர்ந்து ஏறுகிறது. வைகாசி முதல் தேதி கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு நீ வரவில்லையே என்று இன்றுவரை சொல்லிச் சொல்லி மாய்ந்துபோகிறது. பரீட்சை என்றால் அதற்குக் கேட்கவா போகிறது? தரணம்பேட்டையிலிருந்து சிரசு புறப்பட்டு வந்தபோது உன் பேரைச் சொல்லி ஒரு தேங்காய் உடைத்தது. சிதறிய சில்லுகளுக்குப் பிள்ளைகள் விழுந்தடித்து ஓடியதைப் பார்த்துவிட்டு, "பாப்பாவும் இப்படித்தான் ஓடும்" என்றது.

இந்தக் கடிதம் ஒரு பார்சலுக்குள் இருக்கிறது. பிரித்ததும் இதைத்தான் முதலில் எடுத்திருப்பாய். கீழே இருக்கும் கட்டு முழுக்க உன்னுடையது. போன வருஷம் ஜூனில் கோயம்புத்தூர் போய் ஹாஸ்டலில் சேர்ந்ததிலிருந்து இந்த மே வரை நீ இணையத்தில் எழுதிப் போட்ட 41 கட்டுரைகளும் அதில் இருக்கின்றன. கடையை மூடிய பிறகு ராத்திரியில் தினம் கொஞ்சமாகப் பிரின்ட் போட்டேன். ஏ4 தாளில் 186 பக்கம் வந்தது. வைகாசி முகூர்த்தப் பத்திரிகை வேலை தலைக்கு மேல் கிடக்கும்போது இதெல்லாம் தேவையா என்று அம்மா கேட்டாள். இரண்டாம் நாள் அவளே பக்கத்தில் உட்கார்ந்து, சூடாக வந்த தாள்களை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்க ஆரம்பித்துவிட்டாள்.

போனில் நீ அனுப்பும்போதெல்லாம் படித்துக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் தாளில் வரிசையாகப் படித்தபோதுதான் உன் ஒரு வருஷம் கண்ணுக்குத் தெரிந்தது. முதல் ஐந்தாறு, உள்ளதைச் சொன்னால், வீட்டை விட்டுப் போன பிள்ளையின் புலம்பல். ஹாஸ்டல் சாம்பாரைப் பற்றி மட்டும் இரண்டு இருக்கிறது. செப்டம்பருக்கு மேல் எழுத்து மாறிவிட்டது. உன்னை விட்டுவிட்டு வெளியே பார்க்கத் தொடங்கியிருக்கிறாய். ஒரு பக்கம் நம் கம்ப்யூட்டருக்கு எந்த வழியாக வந்து சேர்கிறது என்று எழுதினாயே, பத்தாவது படித்த எனக்கே விளங்கியது. 1993 ஏப்ரல் 30ஆம் தேதி செர்ன் ஆராய்ச்சிக் கூடம் வலையை யார் வேண்டுமானாலும் காசில்லாமல் பயன்படுத்தலாம் என்று விட்டுக்கொடுத்ததைப் படித்தபோது, அப்படி விட்டுக்கொடுத்ததால்தானே என் மகள் எழுதுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

இனி நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன். ஜனவரியில் நீ ஓர் இலவச இடத்திலிருந்து இன்னொன்றுக்கு எல்லாவற்றையும் மாற்றினாய். அப்போது படங்கள் போய்விட்டன. ஆயாவின் கையை நீ எடுத்த ஆறு படங்களும் அதில் போயின. பழைய போனும் கெட்டுப்போனதால் திரும்ப எடுக்க வழியில்லை. நான் கேட்டதற்கு, "போனா போவுதுப்பா, பரவாயில்லை" என்றாய். அந்தப் பரவாயில்லை என்னைத் தூங்கவிடவில்லை. ஏன் என்று அன்றைக்கு போனில் எனக்குச் சொல்ல வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் அச்சுக்கு ஈய எழுத்துக் கோக்கும் கம்பாசிட்டராக இருந்தது உனக்குத் தெரியும். 1981இல், 15 வயதில், ஒரு அச்சகத்தில் சேர்ந்தேன். இடது கையில் எழுத்தைக் கோத்து வைக்கும் ஸ்டிக், கண் பிரதியில், வலது கை தானாக எழுத்துப் பெட்டியான கேஸில் அந்தந்த அறைக்குப் போகும். எழுத்து ஒவ்வொன்றும் கண்ணாடியில் பார்ப்பதுபோல் திரும்பியிருக்கும். அப்படியே படிக்கப் பழகிவிட்டோம். எழுத்துச் சீர்திருத்தம் 1978இலேயே வந்துவிட்டாலும் எங்கள் கேஸில் தும்பிக்கை வைத்த பழைய 'லை'யும் 'ணை'யும் கலந்து கிடக்கும். தெரியாமல் ஒன்று உள்ளே போய்விட்டால் முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

இதுவரை உனக்குத் தெரிந்த கதை. உனக்குத் தெரியாதது ஒன்று இருக்கிறது. அம்மாவிடம்கூடப் போன வாரம்தான் சொன்னேன்.

நம்மூர் நெசவாளர்கள் சிலர் சேர்ந்து ஒரு மாதப் பத்திரிகை நடத்தினார்கள். 300 பிரதி அடிப்போம். கடைசிப் பக்கத்தில் எப்படியும் கால் பக்கம், அரைப் பக்கம் மிஞ்சும். முதலில் பூ பிளாக் வைத்து அடைத்தோம். ஒரு நாள் முதலாளி, "எதையாவது எழுதி நிரப்புடா, இடம் மொட்டையா நிக்குது" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார். காகிதம், பேனா எதையும் நான் தேடவில்லை. ஸ்டிக்கைக் கையில் எடுத்து, மனதில் வந்ததை நேரே ஈய எழுத்தில் கோத்தேன். அது 1984. அடுத்த ஆறு வருஷம் மாதம் தவறாமல் அந்த இடம் என்னுடையது. பெயர் போட்டதில்லை. கௌண்டன்யா ஆற்றில் தண்ணீர் வந்த நாள், தறி ஓசை நின்றுபோன ஒரு தெரு, தீப்பெட்டி ஆபீசுக்குப் போகும் பெண்கள் விடியற்காலையில் பேசிக்கொண்டு நடப்பது என்று என்னென்னவோ எழுதினேன். எழுபதுக்குக் குறையாது.

அச்சடித்து முடிந்ததும் பக்கத்தை மண்ணெண்ணெயில் கழுவி, கட்டிய நூலை அவிழ்த்து, எழுத்துகளைப் பிரித்து அதனதன் அறையில் போட வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த வேலைக்கு எழுத்து பற்றாது. அதுவும் என் வேலைதான். நான் கோத்ததை நானே பிரித்துப் போட்டேன். காலையில் 'அம்மா'வில் நின்ற 'ம்' மத்தியானம் யார் வீட்டுக் காதணி விழா அழைப்பிலோ போய் உட்கார்ந்திருக்கும். அதில் எனக்கு வருத்தமே வந்ததில்லை. 300 பிரதியில் ஒன்றை எடுத்து வீட்டில் வைக்க வேண்டும் என்று ஒரு மாதம்கூடத் தோன்றியதில்லை. அடுத்த மாதம் இன்னொன்று எழுதத்தானே போகிறோம், பரவாயில்லை என்றிருந்தது.

பத்திரிகை நின்றது. ஆஃப்செட் வந்தது, பிறகு கம்ப்யூட்டரில் பக்கம் அமைக்கும் டிடிபி வந்தது. 1998இல் அச்சகத்தை மூடியபோது எழுத்துகளைச் சாக்கில் கட்டி எடைக்குப் போட்டார்கள். தராசுத் தட்டில் தூக்கி வைத்தவர்களில் நானும் ஒருவன். பழைய பிரதிகளைக் கரையான் தின்றது போக மீதி வேறு எடைக்குப் போனது. கல்யாணம் ஆன பிறகு தேட ஆரம்பித்தேன். பேர்ணாம்பட்டில் ஒருவர், வேலூர் சைதாப்பேட்டையில் ஒருவர் என்று சந்தா கட்டியவர்கள் வீட்டுக்கெல்லாம் சைக்கிளிலும் பஸ்ஸிலும் போய்க் கேட்டேன். ஒரு பிரதி கிடைக்கவில்லை. பிரதியே இல்லாமல் எழுதியதால் என்னிடமும் கையெழுத்து இல்லை.

எழுபதில் ஒரே ஒரு வரி நினைவிருக்கிறது. "எங்கள் வீட்டில் பீடி இலை ஈரம் காய்வதற்குள் பொழுது விடிந்துவிடும்." ஆயாவைப் பற்றி எழுதியது. அதற்கு அடுத்த வரி என்ன என்று இத்தனை வருஷமாக யோசிக்கிறேன், வரவில்லை.

இது தெரியாமலேதான் நீ 17ஆவதாக ஆயாவின் கையைப் பற்றி எழுதினாய். இலையைத் தகரத் தகடு வைத்துக் கத்தரிப்பது, புகையிலைத் தூளை அளந்து வைத்து உருட்டுவது, முனையை மடித்து நூல் சுற்றுவது, இன்றைக்கு வேலை இல்லாத நேரத்திலும் அந்த விரல்கள் மடியில் எதையோ உருட்டிக்கொண்டே இருப்பது. அந்தக் கடைசியை நான் என் 58 வயதுவரை கவனித்ததில்லை, பாப்பா. தாளை வைத்துவிட்டு எழுந்துபோய் ஆயாவைப் பார்த்தேன். திண்ணையில் உட்கார்ந்திருந்தது. விரல் உருட்டிக்கொண்டுதான் இருந்தது.

அந்தப் படம் போனதைப் பரவாயில்லை என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை.

நீயே ஒன்றில் எழுதியிருக்கிறாய்: இணையத்தில் ஆட்கள் எழுதி வைத்த இடங்களான ஜியோசிட்டீஸை 2009இலும் ஆர்குட்டை 2014இலும் மூடினார்கள், லட்சக்கணக்கானவர்கள் எழுதி வைத்தது அதோடு போயிற்று என்று. அதை எழுதிய பிள்ளை தன்னுடையதை மட்டும் அடுத்தவர் இடத்தில் இலவசமாக வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கலாமா? 1578இல் கொல்லத்தில் முதல்முதலாகத் தமிழ் எழுத்தில் அச்சான 16 பக்கப் புத்தகம் அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழக நூலகத்தில் ஒரே ஒரு பிரதிதான் இருக்கிறது. எங்கள் முதலாளி இதை அடிக்கடி சொல்வார். யாரோ ஒருவர் ஒன்றை எடுத்துவைத்தார் என்பதால்தான் அப்படி ஒன்று இருந்ததே நமக்குத் தெரியும். அதைச் சொல்லிச் சொல்லி அடித்த பிரதிகளை அவரும் எடுத்துவைக்கவில்லை, கேட்டுக்கொண்டு நின்ற நானும் எடுத்துவைக்கவில்லை.

23ஆவதை மூன்று தடவை படித்தேன். தமிழ் எழுத்து கம்ப்யூட்டருக்குள் எப்படி இருக்கிறது என்பது. உலகம் முழுக்க ஒத்துக்கொண்ட எண் ஒவ்வொன்றுக்கும் உண்டு, 'அ'வுக்கு 2949, 'க'வுக்கு 2965, புள்ளிக்குத் தனியாக 3021 என்று எழுதியிருந்தாய். எனக்கு எங்கள் கேஸ்தான் கண் முன்னால் வந்தது, அறைக்கு அறை நம்பர் போட்டதுபோல. ஒரு இடத்தில் அசந்துவிட்டேன். 'கொ' கோக்க ஸ்டிக்கில் முதலில் கொம்பு வைப்போம், பிறகு 'க', பிறகு கால். பாமினி ஃபான்ட்டில் டைப் அடிக்கும்போதும் அதே வரிசைதான். நீ சொன்ன எண் முறையான யூனிகோடில் 'க' முதலில் நிற்கிறது, ஒகரக் குறி பின்னால் வருகிறது. கண்ணுக்குக் காட்டும்போதுதான் கொம்பு முன்னால் போய் நின்றுகொள்கிறது. வாய் சொல்கிற வரிசையில் வைத்திருக்கிறார்கள். 40 வருஷமாக எழுத்தைத் தொட்டவனுக்கு இதை நீ சொல்லித்தான் தெரிந்தது.

அந்தக் கட்டுரையால் இன்னொன்றும் புரிந்தது. கடையில் 2003லிருந்து பாமினியில் போட்ட கல்யாணப் பத்திரிகை ஃபைல்களைப் புது கம்ப்யூட்டரில் திறந்தால், ஆங்கில எழுத்து இறைந்து கிடக்கிறது, புள்ளி வைத்த எழுத்துக்கெல்லாம் புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் அரைப்புள்ளி நிற்கிறது. அந்த ஃபான்ட்டைத் தேடிப்பிடித்துப் போட்டால்தான் மாப்பிள்ளை பெயர் தெரியும். உன்னுடையது யூனிகோடில் இருப்பதால் அந்தக் கதி வராது. அதனால் இப்படிச் செய். 41ஐயும் அலங்காரம் எதுவும் இல்லாத வெறும் டெக்ஸ்ட் ஃபைலாக உன் கம்ப்யூட்டரில் வை. இரண்டு பென் டிரைவில் போட்டு ஒன்றை எனக்கு அனுப்பு. தாளில் ஒன்று இங்கே பீரோவில் இருக்கும். வருஷம் 1000 ரூபாய்க்குள் சொந்தப் பெயரில் ஒரு முகவரி கிடைக்கும் என்று எழுதியிருந்தாயே, அதை வாங்கிக்கொள், பணம் இந்த வாரம் அனுப்புகிறேன். யார் கடையை மூடினாலும் உன் பெயரில் வேறு இடத்துக்கு எடுத்துக்கொண்டு போகலாம் என்று நீதானே சொன்னாய்.

29ஆவதில் நம் கடை போர்டு படத்தில் போன் நம்பர் தெரிகிறது. யார் யாரோ கூப்பிடுகிறார்கள். அதை மட்டும் எடுத்துவிடு.

திரும்ப ஆயாவின் கையைப் படம் எடுக்கச் சொல்லி நேற்று பக்கத்துக் கடைப் பையனை அழைத்துவந்தேன். ஆயா கையைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டது. "பாப்பா வந்து எடுக்கும், நீ போடா" என்று அனுப்பிவிட்டது. லீவு விட்டதும் காட்பாடிக்கு எந்த வண்டி என்று சொல், நான் ஸ்டேஷனுக்கு வந்துவிடுகிறேன்.

கட்டில் உள்ள தாள்களை நான் புரூஃப் பார்த்திருக்கிறேன். பழக்கம் போகவில்லை. ஓரத்தில் பென்சிலில் குறி போட்டிருக்கிறேன். 'ற'வும் 'ர'வும் உனக்கு இன்னும் தகராறுதான். 63ஆம் பக்கத்தில் 'கரை' என்று இருக்க வேண்டியது 'கறை' என்று இருக்கிறது, ஆற்றுக்கு அது ஆகாது. நானாக ஒரு எழுத்தையும் மாற்றவில்லை. நீ பார்த்து, சரி என்று பட்டதைத் திருத்தி, தாள்களோடு அனுப்பு. 17ஆவதில் படம் இருந்த ஆறு இடத்தையும் காலியாகவே விட்டு வைத்திருக்கிறேன். அவை வந்த பிறகு ஊசி நூல் போட்டு நானே தைத்து, நம்மூர் லுங்கித் துணியில் அட்டை கட்டுகிறேன்.

மூன்று பிரதி போடலாம் என்றிருக்கிறேன். உனக்கொன்று, வீட்டுக்கொன்று. மூன்றாவதை ஆயா கேட்டது. அதற்குப் படிக்கத் தெரியாது. தலைமாட்டில் வைத்துக்கொள்கிறதாம்.

உன்
அப்பா