ஜெனிஷா உங்கள் ஊருக்கு வருகிறாள்

குலசேகரம்,
ஆகஸ்ட் 2025

அன்புள்ள செல்வராஜ்,

மயினிக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததைக் கேட்டு நிம்மதி. நீ முட்டுவலிக்கு எண்ணெய் மட்டும் தேய்த்துக்கொண்டிருக்காமல் ஒரு நல்ல டாக்டரைப் பார் மக்கா. இங்கே எல்லாரும் சுகம். மழை விட்டுவிட்டுப் பெய்கிறது. ரப்பர் மரங்களுக்கெல்லாம் மழைத் தண்ணீர் படாமல் பிளாஸ்டிக் கட்டியிருப்பதால் பால்வெட்டு ஒருமாதிரி நடக்கிறது.

முக்கியமான செய்தி இது. தம்பி மகள் ஜெனிஷாவுக்கு குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் இடம் கிடைத்துவிட்டது. ரப்பர் அண்ட் பிளாஸ்டிக்ஸ் டெக்னாலஜி. சி. ராஜம் 1949-ல் தொடங்கிய கல்லூரி, அப்துல் கலாம் படித்த இடம். கவுன்சிலிங்கில் கம்ப்யூட்டர் எடுக்கச் சொல்லி ஆளாளுக்குச் சொன்னார்கள். பிள்ளை அசையவில்லை. சின்ன வயசிலிருந்தே அப்பன் பின்னால் ரப்பர் ஷீட் அடிக்கிற இடத்தில் நின்றவள் அல்லவா. பாலை அரித்துத் தண்ணீர் சேர்த்து, டிஷ்ஷில் ஊற்றி ஆசிட் விடும்போதெல்லாம், ‘இது ஏன் உறையுது?’ என்று கேட்பாள். தம்பிக்குப் பதில் தெரியாது, எனக்கும் தெரியாது. பிளஸ் டூ படிக்கும்போது ஒருநாள் அவளே வந்து சொன்னாள்: பாலில் உள்ள ரப்பர் துகள்கள் எல்லாவற்றுக்கும் ஒரேமாதிரி எதிர் (நெகட்டிவ்) மின்னூட்டம் உண்டாம், அதனால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு தனித்தனியே நிற்குமாம். பார்மிக் ஆசிட் விழுந்ததும் அந்தத் தள்ளல் போய் எல்லாம் சேர்ந்து ஒட்டிக்கொள்ளுமாம். இத்தனை வருசம் கையால் செய்த வேலையின் காரணத்தை அந்தப் பிள்ளை வாயால் கேட்டபோது எனக்குக் கண் நிறைந்துவிட்டது. தம்பி உயிரோடு இருந்து கேட்டிருக்க வேண்டும்.

இனி, நான் உன்னிடம் கேட்க வேண்டியதற்கு வருகிறேன். அவளுக்கு டைப் ஒன் சர்க்கரை இருப்பது உனக்குத் தெரியும். எட்டாம் வகுப்பில் ராத்திரி ராத்திரி எழுந்து தண்ணீர் குடித்தாள், எடை மளமளவென்று இறங்கியது. கண்ணூறு என்று ஒருத்தி, பூச்சி என்று இன்னொருத்தி. வாந்தியெடுத்து மயங்கிய அன்று ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். தினம் நான்கு ஊசி அன்று தொடங்கியது, இன்றுவரை ஒருநாள்கூடத் தவறவில்லை. சாப்பாட்டுக்கு முன்னால் மூன்று, ராத்திரி நீண்ட நேரம் நிற்கிற இன்சுலின் ஒன்று. மரச்சீனிக் கிழங்கும் மீன் புளிமுளக் குழம்பும் அவளுக்கு உயிர். கிழங்கு எத்தனை துண்டு, அதற்கு எத்தனை யூனிட் என்று அவளே கணக்குப் பார்த்துக் குத்திக்கொள்கிறாள்.

இனிப்பு தின்று வந்த நோய் என்று சொந்தக்காரர்கள் இன்னமும் பேசுகிறார்கள். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை அழித்துவிடுவதால் வருவது. பிள்ளை எதைத் தின்றும் வரவழைக்கவில்லை. ஆனாலும் அவள் அம்மா லீலாவுக்குப் பயம். மெட்ராஸ் வேண்டாம், இங்கேயே பக்கத்தில் ஒரு காலேஜில் சேரட்டும் என்று அழுதாள். கடைசியில் சம்மதித்தாள், ஆனால் ஒரு நிபந்தனை: ஹாஸ்டலில் யாரிடமும் நோயைச் சொல்லக் கூடாது, நாளைக்குக் கலியாணப் பேச்சு வரும்போது கெட்டுப்போகும் என்று.

இதைத்தான் நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன் செல்வராஜ். தாயின் கவலை புரியாமல் இல்லை. ஆனால் சர்க்கரை ஏறுவதைவிடச் சட்டென்று இறங்குவதுதான் உடனடி ஆபத்து. வியர்க்கும், கை நடுங்கும், பேச்சு குழறும். அந்த நேரத்தில் பக்கத்துக் கட்டிலில் இருப்பவளுக்கு விஷயம் தெரிந்திருந்தால் மூன்று டீஸ்பூன் சீனியைத் தண்ணீரில் கலக்கிக் கொடுத்து, கால் மணி நேரம் கழித்து மறுபடி டெஸ்ட் பண்ணச் சொல்வாள். தெரியாதவள், தூக்கக் கலக்கம் என்று போர்வையைப் போர்த்திவிட்டுப் போவாள். நினைவு தப்பிவிட்டால் வாயில் எதுவும் ஊற்றாமல் உடனே 108-ஐக் கூப்பிட வேண்டும் என்பதும் கூட இருப்பவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். மறைத்துப் பண்ணுகிற கலியாணத்தில் அவள் குளியலறைக்குள் ஒளிந்து நின்றா ஊசி போடுவாள்? தெரிந்தே விரும்பி வருகிறவன் வரட்டும். இதை லீலாவிடம் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டேன். வார்டனிடமும் அறைத் தோழிகளிடமும் முதல் நாளே சொல்லிவிடுவது என்று ஜெனிஷாவும் முடிவு செய்துவிட்டாள். நீயும் லீலாவிடம் போனில் ஒரு வார்த்தை சொல். அவள் உன் பேச்சைக் கேட்பாள்.

நீ இருக்கும் தாம்பரத்திலிருந்து குரோம்பேட்டை இரண்டாவது ஸ்டேஷன். உன் பெயரை லோக்கல் கார்டியனாகப் போடுகிறேன். பிரிக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். ஹாஸ்டல் பிரிட்ஜை நம்பி எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைக்க எனக்கு மனமில்லை. பாதி உன் வீட்டில் இருக்கட்டும். பிரீசரிலும், பிரீசரை ஒட்டியும் வைக்கக் கூடாது, உறைந்தால் வீண், மயினியிடம் சொல்லிவை. எடுத்துப் பாவிக்கிற இன்சுலின் பேனா நாலு வாரம் வெளியில் இருக்கலாம், ஆனால் உங்கள் ஊர் சித்திரை வெயிலுக்கு ஈர மண்பானைக்குள் வைப்பதுதான் நல்லது. ராத்திரி எந்நேரம் போன் வந்தாலும் எடு. உன்னிடம் இதைக் கேட்க எனக்குத் தயக்கமே வரவில்லை.

படிப்புச் செலவுக்குத் தம்பியின் ஒன்றரை ஏக்கரைத்தான் பார்க்கிறோம். 1994-ல் வைத்த 105 ரக ரப்பர், பாதி மரம் பட்டைமரப்பு வந்து பால் நின்றுவிட்டது. 2017 நவம்பர் 30-ம் தேதி ஒக்கி புயல் அடித்ததில் மேட்டில் நின்றதெல்லாம் முறிந்தும் சாய்ந்தும் போனது உனக்கு நினைவிருக்கும். இடத்தை ஈடு வைக்கலாம் என்று லீலாவின் அண்ணன் சொன்னார். நான் விடவில்லை. 2011-ல் கிலோ 240 ரூபாயைத் தொட்ட ஷீட் 2016-ல் நூறுக்குக் கீழே போனதைப் பார்த்தவர்கள் நாம். அந்த விலையை நம்பி வட்டிக்கு வாங்கினால் பிள்ளைக்குக் கடைசியில் மண்ணும் மிஞ்சாது.

அதனால், மரத்தை முறிக்குமுன் உள்ள பாலையெல்லாம் எடுத்துவிடுகிற கடும்வெட்டுக்கு இரண்டு வருசத்துக்குக் கொடுக்கிறோம். அந்தப் பணம் முதல் இரண்டு வருசப் படிப்புக்கு. பிறகு மரத்தை வெட்டித் தடியை விற்றால் மிச்ச இரண்டு வருசமும் கழியும். உடனே அங்கே 430 ரக ரப்பர் நடலாம் என்று எனக்கு எண்ணம், ஏக்கருக்கு 180 கன்று. முதல் மூன்று வருசம் ஊடே ஏத்தன் வாழையும் அன்னாசியும் போட்டால் களை வெட்டுக் கூலிக்காவது ஆகும். கன்று பால்வெட்டுக்கு வர ஏழு வருசம். அப்போது அவளுக்கு இருபத்தேழு வயது. படிப்பும் முடிந்து, நிலமும் அவள் பெயரில், ஈடில்லாமல் இருக்க வேண்டும். தம்பிக்கு நான் செய்ய வேண்டிய காரியம் அதுதான் என்று நினைக்கிறேன். பால் வெட்ட ஆள் கிடைப்பதுதான் பெரிய பாடு. வெயில் ஏறுமுன் வெட்டினால்தான் பால் நன்றாக ஓடும், அந்த இருட்டில் எழுந்து வர இளசுகள் யாரும் இல்லை. நம் வயசுக்காரர்கள்தான் இன்னும் ஹெட்லைட்டைக் கட்டிக்கொண்டு நடக்கிறார்கள். அவர்களுக்குப் பின்னால் என்ன என்று எனக்கும் விளங்கவில்லை. ஜெனிஷா அதற்கும் ஏதோ மெஷின் செய்யலாம் என்கிறாள். படித்துவிட்டு வரட்டும்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை குழித்துறையில் அனந்தபுரி ஏறுகிறோம். லீலாவும் கூட வருகிறாள். திங்கள் விடியக்காலம் தாம்பரத்தில் இறங்குவோம். உன் காலை வைத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு வராதே, நாங்களே ஆட்டோ பிடித்து வந்துவிடுவோம். மட்டி வாழைக்குலை ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன், மயினிக்குப் புளியும் நல்லமிளகும் எடுத்து வருகிறோம். ஐஸ் டப்பாவில் இன்சுலின் வரும், பிரிட்ஜில் நடுத்தட்டைக் காலி செய்து வை.

அன்புடன்,
தாசன்