பிள்ளைகள் வாசிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்தவர்களுக்கு

அன்புள்ள மும்பை தாராவி உறவுகளுக்கு,

வணக்கம். பள்ளி ஆண்டு முடிந்துவிட்டது. பிள்ளைகளில் பாதிப் பேர் திருநெல்வேலி, தூத்துக்குடி என்று ஊருக்கு ரயில் ஏறிவிட்டார்கள். மீதிப் பேர் கல்லியில் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருக்கிறார்கள். நம் மாலை வகுப்பின் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் அடுத்த மாதம் மூன்றாம் வகுப்புக்குப் போகிறார்கள். அதற்கு முன்னால் இந்த மடலை எழுதிவிட வேண்டும் என்று நினைத்தேன்.

சிலருக்கு நேரில் நன்றி சொன்னேன். எல்லாரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள்: "நான் என்ன செஞ்சேன், சும்மா பக்கத்துல உக்காந்திருந்தேன், அவ்வளவுதானே." அப்படி உட்கார்ந்ததால் என்ன நடந்தது என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும். அதற்காகத்தான் எல்லாரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

ஒரு பிள்ளைக்கு வாசிப்புப் பழக வேண்டுமென்றால் அது தினமும் வாய்விட்டு வாசிக்க வேண்டும். அதை ஒருவர் காதுகொடுத்துக் கேட்க வேண்டும். வகுப்பு நிறையப் பிள்ளைகளை வைத்துக்கொண்டிருக்கும் ஆசிரியையால் ஒவ்வொருவரிடமும் பத்து நிமிடம் உட்கார முடியாது. அது அவர் குறை இல்லை, நேரம் அவ்வளவுதான் இருக்கிறது. அந்தப் பத்து நிமிடத்தைத்தான் நீங்கள் கொடுத்தீர்கள்.

முதல் நன்றி மாடி அறையைத் தந்த அண்ணாச்சிக்கு. தைத்து முடித்த சட்டைகளை மடித்து அடுக்குகிற அறை அது. நைன்ட்டி ஃபீட் ரோடு பக்கத்தில் ஒரு அறையை வாடகைக்கு விட்டால் என்ன கிடைக்கும் என்று நம் எல்லாருக்கும் தெரியும். அவர் ஒரு பைசா கேட்கவில்லை. ஆர்டர் நெருக்குகிற நாட்களில்கூட மூட்டைகளை ஒரு ஓரமாகத் தள்ளி இடம் விட்டார். ஏறி இறங்குகிற இரும்பு ஏணிக்கு இரண்டு பக்கமும் பிடிகம்பி வைத்துக் கொடுத்த வெல்டிங் கடைத் தம்பிக்கும் நன்றி. அதற்கப்புறம்தான் பல அம்மாக்கள் பிள்ளைகளைத் தைரியமாக அனுப்பினார்கள்.

இரண்டாம் வகுப்புக்கு ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும் என்று சில அப்பாக்கள் கேட்டார்கள். மூன்றாம் வகுப்புப் புத்தகத்தைத் திறந்து பாருங்கள். பிள்ளைக்கு வாசிக்கத் தெரியும் என்று வைத்துக்கொண்டே அது பேசுகிறது. கணக்குகூட வாக்கியமாகத்தான் வருகிறது. 2021 ஜூலையில் ஒன்றிய அரசு தொடங்கிய நிபுண் பாரத் திட்டமும், மூன்றாம் வகுப்பு முடிவதற்குள் எல்லாப் பிள்ளைகளுக்கும் அடிப்படை எழுத்தும் எண்ணும் வந்துவிட வேண்டும், 2026-27க்குள் அதைச் சாதிக்க வேண்டும் என்கிறது. இரண்டாம் வகுப்புக்கு அது வைத்திருக்கும் இலக்கு நிமிடத்துக்கு 45 முதல் 60 சொற்கள். 999 வரை எண்களை வாசித்து எழுத வேண்டும், 99 வரை கழிக்கத் தெரிய வேண்டும். எண்கள் சரி. நிமிடக் கணக்கைப் பிள்ளையின் முன்னால் வைப்பதில் மட்டும் எனக்கு உடன்பாடு இல்லை. 'ஓடிக்கொண்டிருந்தார்கள்' என்பது தமிழில் ஒரே சொல், இவ்வளவு நீளமானதும் 'கால்' போன்ற சின்னச் சொல்லும் எண்ணிக்கையில் ஒன்றுதான். வேகத்தைப் பார்த்தால் பிள்ளை கதையை விட்டுவிடும். அதனால் நம் அறையில் கடிகாரம் வைத்து யாரையும் வாசிக்கச் சொல்லவில்லை.

ஊரில் அரசுத் தொடக்கப் பள்ளியில் வேலை பார்க்கும் டீச்சர் அக்காவுக்கு அடுத்த நன்றி. தமிழ்நாட்டில் 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துச் சொல்லித்தருகிறார்கள். அது எப்படி என்று ஞாயிற்றுக்கிழமைகளில் போனிலேயே எங்களுக்கு விளக்கினார். வகுப்பைப் பார்க்காதே, பிள்ளை நிற்கிற இடத்தைப் பார் என்பதுதான் அதன் சாரம். நம் மும்பைக்கு இது புதிதில்லை. 1990களில் இங்கே குடிசைப் பகுதிகளில் தொடங்கிய பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பும் இதைத்தான் செய்து வருகிறது. எழுத்து, சொல், பத்தி, கதை என்று நான்கு படி வைத்து, பிள்ளை எந்தப் படியில் நிற்கிறது என்று பார்த்துவிட்டு அங்கிருந்து தொடங்குவார்கள். நாங்களும் அப்படித்தான் பார்த்தோம். ஒரே வகுப்பில் படிக்கும் பிள்ளைகள் நான்கு படிகளிலும் இருந்தார்கள்.

தமிழ் வாசிப்பில் பிள்ளைகள் தடுமாறும் இடங்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 'கொக்கு' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணில் முதலில் படுவது கொம்பு, அப்புறம் க, அப்புறம் கால். வாயில் வருவதோ ஒரே ஒலி. இடமிருந்து வலமாக வாசி என்று சொல்லிக்கொடுத்துவிட்டு, இங்கே மட்டும் மூன்றையும் ஒன்றாகப் பார் என்கிறோம். பிள்ளை திணறத்தான் செய்யும். அடுத்தது, பள்ளியில் மராத்தியும் படிக்கிற பிள்ளைக்கு அங்கே ககரத்துக்கே நான்கு எழுத்து. தமிழில் 'பக்கம்', 'பங்கு', 'பகல்' மூன்றிலும் ஒரே க. மூன்று இடத்திலும் வேறு வேறு மாதிரி ஒலிக்கிறது. எந்த ஒலி என்று எழுத்து சொல்லாது. அந்தச் சொல்லை முன்பே காதால் கேட்டிருந்தால்தான் நாக்கு சரியாகப் புரளும்.

ஆச்சிமார்களுக்கு நான் நன்றி சொல்வது இதனால்தான். வெள்ளிக்கிழமைகளில் வந்து கதை சொன்னீர்கள், விடுகதை போட்டீர்கள். "எனக்கு எழுத்தே தெரியாதே, நான் எதுக்கு?" என்று ஒரு ஆச்சி முதலில் வர மறுத்தார். அவர் சொன்ன நரிக் கதையில் வந்த 'புதர்', 'பதுங்கி', 'அகப்பட்டது' எல்லாம் அடுத்த வாரம் வாசிப்புத் தாளில் வந்தபோது, பிள்ளைகள் தயங்காமல் வாசித்துவிட்டுப் போனார்கள். மும்பையில் பிறந்து வளரும் பிள்ளைக்கு அந்தச் சொற்களை வேறு யார் சொல்வார்கள்?

அம்மாக்களுக்குத் தனியாக ஒரு நன்றி. வீட்டில் தினமும் கேளுங்கள் என்று மூன்று விஷயம் மட்டும்தான் சொல்லியிருந்தோம். பிள்ளை தடுமாறினால் உடனே எடுத்துக்கொடுக்காதீர்கள், மனதுக்குள் ஐந்து எண்ணுங்கள். திட்டாதீர்கள். வாசித்து முடித்ததும் "என்ன நடந்துச்சு, சொல்லு" என்று கேளுங்கள். இதற்கு அம்மாவுக்கு வாசிக்கத் தெரிய வேண்டியதில்லை. முறுக்குச் சுற்றிக்கொண்டே கேட்டவர்கள் இருக்கிறீர்கள். வீட்டு வேலை முடித்துச் சயானிலிருந்து நடந்து வந்து, ராத்திரி பத்து மணிக்குக் கேட்டவர்கள் இருக்கிறீர்கள். தமிழே வாசிக்கத் தெரியாத ஒரு அம்மா, "நீ வாசிச்சது கதை மாதிரி இல்லையே, மறுபடி வாசி" என்றாராம். பிள்ளை ஒரு வரியைத் தாண்டிப் போயிருந்தது. இதைவிட நல்ல ஆசிரியை வேண்டுமா?

வாசிப்புத் தாள்களுக்கு மாட்டுங்காவில் கல்லூரியில் படிக்கும் தங்கைகள் பொறுப்பெடுத்துக்கொண்டார்கள். ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் நிலைவாரியாக இலவசமாகக் கிடைக்கின்றன, அச்சிட்டும் கொடுக்கலாம். அதிலிருந்து தேர்ந்தெடுத்து எழுத்தைப் பெரிதாக்கிக் கொடுத்தீர்கள். ஜெராக்ஸ் கடை அண்ணன் காகிதக் காசு மட்டும் வாங்கிக்கொண்டார். பரீட்சை நேரத்திலும் மாற்றி மாற்றி வந்தீர்களே, அதை மறக்க மாட்டேன்.

எழுத்துப் பயிற்சியில் மூணு சுழி ண, ரெண்டு சுழி ன என்று சிலேட்டில் எழுத வைத்த ஓய்வுபெற்ற ஐயாவுக்கு நன்றி. சுழியை எங்கே தொடங்க வேண்டும் என்று பிள்ளையின் கையைப் பிடித்தே காட்டினார். ஆனால் பார்த்து எழுதுவது மட்டும் போதாது, தானாக ஒரு வாக்கியம் எழுத வேண்டும் என்று பேசி வைத்திருந்தோம். தினமும் ஒரு வாக்கியம், எழுத்துப்பிழை இருந்தாலும் பரவாயில்லை. எழுதியதைக் கயிற்றில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டோம். "எங்க அம்மா ராத்திரி மாவு ஆட்டும். அந்தச் சத்தத்துல நான் தூங்குவேன்" என்று ஒரு பெண் எழுதியிருந்தாள். பட்டறையில் தைக்கிற பிகார், உத்தரப்பிரதேசத்து அண்ணன்மார் சாயங்காலம் மேலே வந்து, அந்தத் தாள்களில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்பார்கள். பிள்ளைகள் தமிழில் வாசித்துவிட்டு இந்தியில் சொல்லும். தான் எழுதியதைத் தெரிந்துகொள்ள ஒரு பெரியவர் ஏணி ஏறி வருகிறார் என்றால் பிள்ளைக்கு அதைவிட என்ன வேண்டும்? மறுநாள் இரண்டு வாக்கியம் எழுதியது. பாயி, உங்களுக்கும் நன்றி.

கணக்குக்கு இட்லி அக்காவைச் சொல்லாமல் இருக்க முடியாது. 52லிருந்து 27ஐக் கழிக்கச் சொன்னால் நிறையப் பிள்ளைகள் 35 என்று எழுதினார்கள். 2லிருந்து 7 போகாது என்பதால் 7லிருந்து 2ஐக் கழித்து 5 போட்டுவிடுகிறார்கள், அப்புறம் 5லிருந்து 2 போக 3. நாங்கள் ஐஸ் குச்சிகளைப் பத்துப் பத்தாக ரப்பர் போட்டுக் கட்டிக் காட்டிக்கொண்டிருந்தோம், சிலருக்குப் புரிந்தது, சிலருக்குப் புரியவில்லை. அக்கா தன் சில்லறைப் பையைக் கவிழ்த்தார். ஐந்து பத்து ரூபாய் நாணயம், இரண்டு ஒரு ரூபாய். "இட்லி 27 ரூபாய், குடு" என்றார். பிள்ளை இரண்டு பத்தை நீட்டியது, அப்புறம் ஏழு ரூபாய்க்கு முழித்தது. "சில்லறை மாத்திக்கோ" என்று ஒரு பத்தை வாங்கிக்கொண்டு பத்து ஒரு ரூபாய்களை எண்ணிக் கொடுத்தார். கையில் மீதி 25. அதைத் தாளில் எழுதிக் காட்டினோம். அன்று விளங்கியது பிறகு மறக்கவில்லை. விடியற்காலை இட்லிக் கூடையோடு கிளம்புகிறவர், சாயங்காலம் தூங்க வேண்டிய நேரத்தில் எங்களோடு கடை விளையாட்டு ஆடினார்.

இன்னொரு சிக்கலும் இருந்தது. 'ஐம்பத்திரண்டு' என்று சொன்னால் சில பிள்ளைகள் 502 என்று எழுதுவார்கள். காதில் விழுந்தபடி 50, அப்புறம் 2. இந்தியிலும் மராத்தியிலும் எண்ணைச் சொல்லும்போது ஒன்றாம் இடத்து எண்ணின் ஒலிதான் முன்னால் வரும், அதனால் வேறு சிலர் 25 என்று திருப்பிப் போடுவார்கள். ஒரே நாளில் மூன்று மொழியில் எண்ணைக் கேட்கிற பிள்ளைகள் இவர்கள், அவர்களை மந்தம் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. பக்கத்துச் சால் (வரிசை வீட்டுக் கட்டடம்) ஒன்றிலிருந்து வந்து, மராத்தியில் எண்களைச் சொல்லிச் சொல்லி நாணயத்தை எடுக்க வைத்த மராத்தி மாவ்ஷிக்கு (சித்திக்கு) மனமார்ந்த நன்றி. மராத்திப் பாடத்தையும் அவரே கேட்டுக்கொண்டார்.

பள்ளி ஆசிரியைகளுக்கும் நன்றி. எந்தப் பாடம் நடக்கிறது, யார் எங்கே திணறுகிறார்கள் என்று மறைக்காமல் சொன்னீர்கள். பழைய பாடப் புத்தகங்களைச் சேர்த்துக் கொடுத்தீர்கள்.

இன்னும் கதைப் படிக்கு வராத பிள்ளைகள் சிலர் இருக்கிறார்கள். அவர்கள் மூன்றாம் வகுப்புக்குப் போனாலும் நம் அறைக்கு வருவார்கள். அவர்களுடைய அம்மா அப்பாவிடம் பேசிவிட்டோம். விடுமுறையில் ஊருக்குப் போகும் பிள்ளைகளின் பையில் ஆளுக்கு ஒரு கதைத் தாள் கட்டு வைத்திருக்கிறோம். ஊரில் தாத்தாவோ சித்தியோ தினமும் ஒன்று கேட்டால் போதும்.

ஜூன் நடுவில் பள்ளி திறந்த அடுத்த வாரம் புது இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளோடு மறுபடி தொடங்குகிறோம். திங்கள் முதல் வெள்ளி வரை, சாயங்காலம் ஆறரைக்கு. மழை நாளில் ஏணியில் பிள்ளைகளை ஏற்றி இறக்கக் கீழே ஒருவர் நிற்க வேண்டியிருக்கும், மேலே கேட்பதற்கு ஆட்கள் வேண்டும். வாசிக்கத் தெரியாதவர்களும் வரலாம். சாவி கீழே டீக்கடையில் இருக்கும், அண்ணனிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

அன்போடும் நன்றியோடும்,
மாலை வகுப்பிலிருந்து உங்கள் அக்கா